ஒரே ஒரு காக்கா கடி

சூடான மணலில் வேர்க்கடலை வறுபடும் வாசனை வந்தால் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் எல்லோருக்கும் நாக்கு ஊறும். என் அம்மா மட்டும் முந்தானையால் என் மூக்கைப் பொத்தி, தள்ளுவண்டிக்காரரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு போவாள். மூன்று வயதில் கடலை உருண்டையைக் கடித்து, மூச்சு முட்டி, பிழைத்தவள் நான். டாக்டர் அதை "அலர்ஜி" என்றார். எங்கள் செம்பாக்கம் தெருவில் "கடலை தோஷம்" என்றார்கள்.

பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது, அப்பாவுக்குத் தாம்பரத்து இங்கிலீஷ் பள்ளி ஒன்றின்மேல் ஆசை. அங்கிருந்த பெரிய டீச்சர், "இப்படிப்பட்ட குழந்தைய எங்களால பாத்துக்க முடியாது சார்" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் வாத்தியாரைப் பார்த்துப் பள்ளி தேடினார்கள். அம்மா ஊசியைப் பார்த்துத் தேடினாள். எனக்கான மருந்தை வீட்டில் வைத்திருந்த கம்பவுண்டருக்கு எதிர்வாசலில் இருந்தது என்ற ஒரே பெருமையால் ஓர் ஓட்டுக்கூரைப் பள்ளி தேர்வானது.

"எவ கையிலேர்ந்தும் எதுவும் வாங்கித் துன்னாத. ஒரு தடவ மூஞ்சி வீங்கிச்சுன்னா அன்னியோட படிப்பு முடிஞ்சுது" என்றாள் அம்மா. எனக்குப் படிப்பின்மேல் பெரிய காதல் இல்லை, பள்ளிக்கூடத்தின்மேல் உயிர். அதனால் மூன்று வருடம் மூலையில் தனியாக உட்கார்ந்து, என் தூக்குச் சோற்றை மட்டும் தின்று, அடுத்தவர் வாயைப் பார்த்தே வயிறு நிறைத்தேன்.

நான்காம் வகுப்பில் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது ஒரு மிட்டாயை இரண்டு பேர் தின்பதற்கு "காக்கா கடி" என்று ஒரு முறை உண்டு. பாவாடை நுனியால் மிட்டாயை மூடி, துணியின் மேல் கடித்து உடைத்தால் எச்சில் படாது. ஒருநாள் மதியம் அப்படி உடைத்த பாதியை நீட்டினாள்.

"கடலை இல்லடி, கமர்கட்டு. தேங்காயும் வெல்லமும்தான் கீது. பயப்படாம துன்னு."

எனக்காகவே பார்த்து வாங்கியிருந்தாள். வாங்கி வாயில் போட்டேன். அதே பாவாடை நுனியில்தான் காலை இடைவேளையில் இன்னொருத்திக்குக் கடலை உருண்டை உடைத்துக் கொடுத்திருந்தாள் என்பது அவளுக்கும் நினைவில்லை. துணியில் ஒட்டியிருந்த தூள் எனக்கும் தெரியவில்லை.

முதலில் நாக்கு அரித்தது. பிறகு உதடு தடித்தது. எதிர்வாசலில்தான் கம்பவுண்டர் வீடு, இருபது அடி. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தால் படிப்பு முடிந்தது. சிலேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். டீச்சர் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். எல்லோருடனும் வாயை மட்டும் அசைத்தேன். காதுக்குள் யாரோ சங்கு ஊதினார்கள். ஸ்டெல்லா சிலேட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மூஞ்சி பூசணிக்கா மாதிரி கீது?"

"எங்கம்மாகிட்ட சொல்லாத" என்றேன். பாதிதான் வெளியே வந்தது. மீதிக்குத் தொண்டையில் வழியில்லை.

அவள் டீச்சரைக்கூடக் கேட்கவில்லை. என் சடையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்தாள். கம்பவுண்டர் குளித்துக்கொண்டிருந்தார். கதவை உதைத்து, "அண்ணா, வெளிய வா, இவ சாவறா" என்று அவள் அழுதது கேட்டது. இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக வந்து அவர் ஊசி போட்டதும், நுரை என் கன்னத்தில் சொட்டியதும் நினைவிருக்கிறது.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலமே என் பை, சிலேட்டு, தூக்கு எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. ஸ்டெல்லாவுக்குப் பள்ளியில் அடி விழுந்ததாம்; என்னால் போய்த் தடுக்க முடியவில்லை.

போன மாதம் பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். அவளுக்கும் என் தோஷம்தான். விண்ணப்பத்தில் அதை எழுத ஒரு கட்டம் இருந்தது. பள்ளி நர்ஸ், ஊசி வைக்கும் பெட்டியைத் திறந்து காட்டினாள். சுவரில், தின்பண்டத்தைப் பங்கு போடக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன், நாலாங்கிளாஸ் அதற்குப் போதும். பாவாடையும் இல்லை, காக்கா கடியும் இல்லை. பேத்தி பயமில்லாமல் உள்ளே ஓடினாள். நல்லதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கமர்கட்டு ரொம்ப நன்றாக இருந்தது.