சந்தையில் என் விதவை

நான் சாகவில்லை. ஆனால் செத்துவிட்டேன் என்று என் மனைவிக்குச் சொல்லியனுப்பி, அவள் கழுத்துத் தாலியைக் கழற்ற வைத்தவன் நான்தான்.

இதை நயமாகச் சொல்ல ஒரு வழி உண்டா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நீங்கள் காறி உமிழ்வதானால் இப்போதே உமிழ்ந்துவிடுங்கள்... மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் இயற்பெயர் சின்னையன். முசிறிப் பக்கம் ஒரு சிற்றூர். இந்தத் தோட்டத்தில் என்னை முத்து என்று அழைப்பார்கள். அந்தப் பெயருக்கும் இந்தப் பெயருக்கும் நடுவே ஒரு கடல் மட்டுமா இருக்கிறது?

கல்யாணமான மறுவருஷம் மழை பொய்த்தது. மலாயாவுக்கு ஆள் சேர்க்கக் கங்காணி வந்தான். "மூணு வருசத்துல வந்துடுறேன் பாக்கியம்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். நம்புங்கள், அன்று அது பொய்யில்லை!

முதலில் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் வெட்டினேன். கித்தா மரம்... ரப்பர் மரத்துக்கு இங்கே அதுதான் பேர். பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். அங்கே ஒரு மேஸ்திரி என்னைப் பிரம்பால் அடித்தான். ஒரு விடியலில் ஓடிவிட்டேன். ஈப்போவுக்கு அருகே வேறு தோட்டத்தில் சேர்ந்தபோது, பழைய இடத்தார் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பெயரை மாற்றிக்கொண்டேன்.

பெயரைத்தான் மாற்றினேன் என்று நினைத்தேன். ஊரில் காத்திருப்பவளும் அந்தப் பெயரோடு மெல்ல மெல்ல எங்கோ போய்விட்டாள்... எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான். லயத்தில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு ஊர்க்கடிதம் எழுதிக் கொடுத்தவன். என் வீட்டுக்கு மட்டும் எழுதவில்லை. ஏன்? முதலில் வெட்கம். பிறகு சோம்பல். அதற்குப் பிறகு, அஞ்சலை.

அஞ்சலை பக்கத்து லயத்துப் பெண். தாயில்லாதவள், சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். "ஊருல எனக்கு யாரும் இல்ல" என்று அவள் அப்பனிடம் சொன்னேன். ஊர்ப் பெயரையும் மாற்றியே சொன்னேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் சிறு பட்டணத்தில் சந்தை கூடும். பசார் என்போம். ஈயலம்பம் என்கிற ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் வாத்தும் உப்புமீனும் விற்பார்கள். கம்பம் என்கிற கிராமங்களின் மலாய்ப் பெண்கள் வெற்றிலையும் பாயும் கொண்டுவருவார்கள். எங்கள் பெண்கள் லயத்துக்குப் பின்னால் போட்ட முருங்கை, கீரை, பூசணியைச் சாக்கு விரித்துப் பரப்புவார்கள். கித்தா விலை விழுந்து வேலை குறைந்த அந்த வருஷங்களில் எங்கள் அடுப்பை எரிய வைத்ததே அந்தச் சந்தைதான். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கே சுற்றுவது எனக்கு வாரம் முழுவதற்குமான சுகம்.

ஒரு ஞாயிறு காய்ச்சலென்று வீட்டில் படுத்துவிட்டேன். அஞ்சலை திரும்பி வந்து, ஒரு பெட்டியை என் முன்னால் வைத்தாள்.

"பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு! பசார்ல புதுசா ஒரு அக்கா வந்திருக்காங்க. அங்கயே உக்காந்து முடையிறாங்க."

தாழை மடலில் முடைந்த பெட்டி. வாய் விளிம்பில் ஓலையை இரண்டு தரம் உள்ளே மடித்து ஒருக்களித்துச் செருகியிருந்தது. அந்தச் செருகலை நான் அறிவேன்! என் கல்யாணச் சீர் வந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. ஊரில் விட்டு வந்தவளின் விரல்கள் அதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

"பேரு என்னாவாம்?" என்றேன்.

"பாக்கியம். அந்தாண்ட தோட்டத்துல மரம் வெட்டுறாங்களாம். பாவங்க... புருசனைத் தேடிக் கப்பல் ஏறி வந்திருக்காங்க. யாரு பெட்டி வாங்கினாலும் கேக்குறாங்க, சின்னையன்னு முசிறிக்காரரு ஒருத்தரைத் தெரியுமான்னு."

காய்ச்சலென்று படுத்திருந்தவன்தானே? உடம்பு நடுங்கியதை அவள் காய்ச்சலென்றே எடுத்துக்கொண்டாள். இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.

அடுத்த ஞாயிறு எனக்கு முதுகு வலி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும்... முதுகு வலிக்காரன் என்றே லயத்தில் பேர் வாங்கிவிட்டேன். என் மனைவியும் என் மனைவியும் சந்தையில் பக்கம் பக்கமாகச் சாக்கு விரித்து விற்றார்கள். சாப்பாட்டைப் பகிர்ந்து தின்றார்கள். பாக்கியம் என் மகளுக்கு ஓலையில் கிளி செய்து கொடுத்தாள். அதை நான் சாக்கடையில் எறிந்தேன். குழந்தை அன்று அழுதுகொண்டே தூங்கியது.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அஞ்சலை சொன்னாள்:

"அந்தக்கா மாமியாரைக் கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துனாங்களாம். மகன் பேரைச் சொல்லிச் சொல்லியே உசிரு போச்சாம். கொள்ளி வைக்கக்கூட அந்த மனுசன் வரல. அதுக்கப்புறம்தான் இங்க கிளம்பி வந்தாங்களாம்."

என் தாய் இறந்த செய்தி எனக்கு வந்த விதம் இதுதான். கையில் பிசைந்த சோறு இருந்தது. அழக்கூட உரிமையில்லை!

"என்னா, கண்ணு கலங்குது?"

"காரம்" என்றேன். குழம்பைக் குறைவாக ஊற்றினாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்... அஞ்சலை மூன்றாவதாக வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அணைவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இல்லை, இதுவும் பொய்! என்மேல்தான் எனக்கு இரக்கம்.

மகளுக்குக் காது குத்துவதென்று நாள் குறித்தோம். "பாக்கியம் அக்காவையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் அஞ்சலை. அத்தோடு, ஆயர் தாவார் பக்கத்திலிருந்து ஆட்கள் எங்கள் பட்டணத்துக்கு வேலை தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். யாராவது ஒருவன் போதும், என்னை அடையாளம் காட்ட.

மாட்டுவண்டி ஓட்டும் காத்தான் என் உயிர் நண்பன். என் பழைய பெயரை அறிந்தவன் அவன் ஒருவன்தான். கள்ளுக்கடைக்குப் பின்னால் அவனிடம் கெஞ்சினேன். சின்னையன் பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் குளிர்காய்ச்சல் கண்டு செத்துப்போனான் என்று அவளிடம் சொல்லச் சொன்னேன்.

"பொம்பளைப் பாவம் மச்சான்... வேணாம்லா" என்றான்.

"எத்தனை நாளைக்குத் தேடுவா? தெரிஞ்சா அவளுக்கும் நிம்மதிதானே?"

இப்படித்தான் சொன்னேன்! அவள் நிம்மதிக்காக! ஆனால் என் மனத்துக்குள் வேறொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. தாலியறுத்தவள் காதுகுத்துக்கு வரமாட்டாள். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. செய்த எல்லாவற்றிலும் இந்த ஒரு நினைப்புத்தான் என்னை இன்னும் அரிக்கிறது.

காத்தான் போய்ச் சொன்னான். சந்தை நடுவில், கீரைக்கட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் இடையில் அவள் அப்படியே சரிந்தாளாம். சீனக்கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தாராம். அவளுக்கு இங்கே உறவென்று யார் இருக்கிறார்கள்? தாலி கழற்றும் சடங்குக்கு அஞ்சலைதான் கூடப் போனாள். பிள்ளைத்தாய்ச்சி போகக்கூடாது என்று மற்றவர்கள் தடுத்தும் போனாள். எல்லாம் முடியும்வரை பாக்கியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அஞ்சலை தலைமுழுகிவிட்டு ஈரச் சேலையோடு வீட்டு வாசலில் நின்றாள்.

"என்னால பார்க்க முடியலைங்க... அந்தக்கா சத்தமே போடல. தாலியைக் கையால பொத்திப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு மட்டும் கேட்டாங்க." பிறகு தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்."

நான் நல்லாத்தான் இருந்தேன்.

அதோடு முடிந்ததா? பாக்கியம் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். காத்தான் தட்டிக் கழித்துப் பார்த்தான், அவள் விடவில்லை. ரயிலும் படகுமாய் அவளை அழைத்துப்போய், தென்னை மரங்களுக்கு நடுவே யாரோ ஒருவனின் மண்மேட்டைக் காட்டினான். அவள் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தாள். எனக்குப் பிடித்த பணியாரத்தைச் சுட்டு எடுத்துப் போயிருந்தாள். அந்த மேட்டில் வைத்துப் படைத்தாள். யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ அது!

திரும்பி வந்த காத்தான் வண்டியை விட்டு இறங்காமலே என்னோடு பேசினான்.

"அந்த மண்ணைத் தடவிக்கிட்டே, 'கோவிச்சுக்காதீங்க, வர நேரமாயிடுச்சு'ன்னு சொன்னா. இனிமே எங்கிட்டப் பேசாத."

சொன்னபடியே இருந்தான். இன்றுவரை பேசவில்லை.

காது குத்து நடந்தது. நான் கணக்குப் போட்டபடி அவள் வரவில்லை. மகளுக்கு ஒரு சின்னப் பெட்டி மட்டும் அனுப்பியிருந்தாள்.

அஞ்சலைக்கு ஆண் குழந்தை பிறந்தது. உடம்பு தேறியதும், பின்கட்டில் காய்த்த பூசணிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுமையும் தூக்க அவளால் முடியாது. நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஏன்? முகமெல்லாம் தாடி மூடியிருந்தது, முன்பல் இரண்டு போயிருந்தன, உடல் வற்றிப்போயிருந்தது. யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்ற தைரியமா? அல்லது அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையா? அந்த ஆசைக்கு எனக்கு என்ன தகுதி!

சந்தையில் நல்ல கூட்டம். சீனக்கடையில் கிராமபோன் கத்திக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு, அவள் குனிந்து முடைந்துகொண்டிருந்தாள். என்னைவிட முதியவளாகத் தெரிந்தாள்.

"அக்கா, இவருதான் எங்க வீட்டுக்காரரு. முதுகு வலி, முதுகு வலின்னு இத்தனை நாளா வரவே இல்லை."

பாக்கியம் நிமிர்ந்தாள்.

என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருத்தி வாத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பேரம் முடிந்து, வாத்தும் கைமாறிப் போயிற்று. ஓலையைப் பிடித்திருந்த விரல்கள் அசையாமல் நின்றன.

"வாங்கண்ணே" என்றாள்.

அண்ணே!

பிறகு அஞ்சலையின் பக்கம் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன் முகத்தையே பார்த்தாள். நெற்றியை விரலால் தடவினாள்.

"அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்றாள்.

எல்லோரும் எல்லாக் குழந்தையையும் பார்த்துச் சொல்வதுதான் இது. இல்லையா? சொல்லுங்கள்... நீங்களாவது சொல்லுங்கள்! அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் எனக்காக, அல்லது அஞ்சலைக்காக, அந்த 'அண்ணே' என்ற ஒரு சொல்லால் என்னை முழுவதுமாக அறுத்துவிட்டாளா? அல்லது தாடிக்காரன் எவனோ ஒருவனுக்குத் தந்த வெறும் மரியாதையா? அந்தக் கண்களை நான் எத்தனை முறை நினைவில் கொண்டுவந்து படித்துப் பார்த்தாலும் விடை கிடைப்பதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் இடம் காலியாக இருந்தது. அந்தாண்டத் தோட்டத்தில் கேட்டதற்கு, தோட்டக் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். ஊருக்குத் திரும்பினாளோ, லூமுட் பக்கம் போனாளோ... யாருக்கும் தெரியவில்லை. தேடிப் போயிருக்க வேண்டியவன் நான். போகவில்லை.

அஞ்சலைக்கு மனம் ஆறவில்லை. நேற்றுக்கூடப் பூசணிக் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்களே அந்தக்கா... நான் எதுனா தப்பாப் பேசிட்டேனா?"

"நீ ஒண்ணும் தப்பாப் பேசல" என்றேன்.

அவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, முழு உண்மையாக நான் அவளிடம் சொன்னது இந்த ஒன்றுதான்.