ஏரிக்கரையில ஸமீரா எங்க போறா?

ஸமீரா மேல எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரு சந்தேகம் உண்டு. சொல்றதுல என்ன வெக்கம்? அவ என் கொழுந்தன் யாசரோட பொண்டாட்டி. கொரோனா வருஷத்துல யாசர் மவுத்தானப்போ மூத்தவ சைதா நடந்து ஓடுற பிள்ளை, சின்னவன் உஸாமா இவ வயித்துல. அன்னைலேர்ந்து மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில, ரயில் பாதையை ஒட்டின எங்க வீட்டுலதான் இருக்காங்க. எனக்கும் என் வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லாவுக்கும் பிள்ளை இல்லை. இந்த ரெண்டும்தான் எங்க வீட்டுச் சத்தம்.

ஸமீரா அழுத்தக்காரி. மௌல்மீன்ல பொறந்தவ, அங்க அவளுக்குன்னு இப்ப ஆள் கிடையாது. லத்தா பேட்டையில ஒரு தையல் கடையில மிஷின் மிதிக்கிறா. நின்னுக்கிட்டே சாப்பிடுவா. மிச்சத் துணி கிடைச்சா பிள்ளைகளுக்கு உடுப்பு தைப்பா, தனக்குன்னு ஒண்ணு தைச்சு நான் பார்த்ததில்லை. ஏதாவது கேட்டா "ஒண்ணுமில்லை ராத்தா"ம்பா. ஒண்ணுமில்லைன்னு சொல்றவகிட்டதான் எல்லாம் இருக்கும், எனக்குத் தெரியாதா?

நோன்புப் பெருநாள் கழிஞ்சதும் ஒரு நாள் வந்து நிக்கிறா. "ராத்தா, ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கண்டோஜி ஏரிக்குக் கூட்டிட்டுப் போவோமா? நீங்களும் வாங்க."

எனக்குப் பொறி தட்டிருச்சு. இத்தனை வருஷம் ஏரி அங்கதானே கிடந்தது?

எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. புருஷனை இழந்தவளுக்கு மறு நிக்காஹ் பேசினா மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா தெருவே வாய்ல போட்டு மெல்லும். அதனால பிள்ளைகளை விளையாடக் கூட்டிட்டுப் போற மாதிரி வெளிய போவாங்க. துணைக்கு வீட்டுப் பெரிய பொம்பளை ஒருத்தி போகணும். மாப்பிள்ளை எதேச்சையா அந்தப் பக்கம் வருவார், பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் குடுப்பார். பிள்ளைக அவர்கிட்ட ஒட்டுதான்னு பொண்ணு தூர நின்னு பார்ப்பா. என் சித்தி மகளுக்கு மிருகக்காட்சி சாலையிலதான் முடிஞ்சது, குரங்குக் கூண்டுக்கு முன்னாடி.

அப்ப நான்தான் அந்தப் பெரிய பொம்பளை. என்னை வச்சே என் வீட்டைக் காலி பண்ணப் பார்க்கிறா. நிக்காஹ் முடிஞ்சா பிள்ளைக உம்மா பின்னாடிதானே போகும்? எனக்கு என்ன மிஞ்சும்?

போனோம். போகாம விட்டா நடக்கிறது தெரியாதே. சைதா சறுக்கு மரத்தை விட்டு எறங்க மாட்டா, உஸாமா மரப் பாலத்துல தடதடன்னு ஓடி மீனுக்குப் பொரி போடுவான். ஸமீரா கொஞ்ச நேரம் இருப்பா. அப்புறம், "தண்ணி வாங்கிட்டு வர்றேன் ராத்தா"ன்னு போவா. போனவ போனவதான். கடைசியில வெறுங்கையோட வருவா.

"தண்ணி எங்க?"

"கூட்டமா இருந்துச்சு ராத்தா."

ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. உஸாமா உம்மா எங்கன்னு கேட்டுக்கேட்டு என் உயிரை எடுப்பான். இவளோ தனக்குன்னு புதுசா ஒரு உடுப்பு தைச்சு மடிச்சு வச்சிருக்கா, அதையும் நான் பார்த்துட்டேன். அப்புறம் ஒரு தடவை ஏரிப் பூங்கா வாசல்ல அப்துல் பாரியோட நின்னு பேசிட்டிருந்தா. கியாக்டடாவுல ஏதோ ஆபீஸ் வச்சிருக்கிறவர். பொண்டாட்டி மவுத்தாகி வருஷம் ஒண்ணு ஆகப் போகுது. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?

"யாரு அது?"ன்னு தெரியாத மாதிரி கேட்டேன்.

"தெரிஞ்சவர்தான்."

ராத்திரி என் வீட்டுக்காரர்கிட்ட கொட்டினேன். "சின்ன வயசுதானே, நல்லது நடந்தா நடக்கட்டும் மதீனா"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டார். அவருக்கென்ன, சொல்லிட்டார். மறு வாரம் உஸாமாவைத் தனியா கூப்பிட்டு, "எந்த மாமா ஐஸ் குடுத்தாலும் வாங்கக் கூடாது, பல்லு கொட்டிரும்"னு சொல்லி வச்சேன்.

அந்த ஞாயிறும் தண்ணி வாங்கப் போயிட்டா. உஸாமா பாலத்துல ஓடி வந்தவன் பலகை தடுக்கி விழுந்தான். முட்டி உரிஞ்சு ரத்தம். "உம்மா"ன்னு ஒரே கத்தல். நான் எந்திரிச்சு ஓடும்போதே சுத்திப் பார்த்தேன். எதுத்த கரையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னாடி அவ நிக்கிறா. தனியாத்தான் நின்னா. பிள்ளை விழுந்ததை அவ பார்த்துட்டா. பார்த்தும் அசையலை. கட்டியிருந்த தமேன் கைலியைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா.

உஸாமா உம்மா உம்மான்னு நாலு பக்கமும் தேடினான். காணோம்னதும் "பெரியம்மா"ன்னு நொண்டிக்கிட்டு என்கிட்ட வந்து தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டான். தட்டிக் குடுத்தேன். விசும்பல் அடங்கிச்சு. அதுக்கப்புறம்தான் மகராசி வந்தா.

எனக்கு வந்ததே கோவம். "நீயெல்லாம் பெத்தவளா? பிள்ளை ரத்தத்தோட கதறுது, உனக்கு மாப்பிள்ளை வர்ற வழிதான் பெருசாப் போச்சா?"

"எந்த மாப்பிள்ளை ராத்தா?"

"நடிக்காதே. அந்த அப்துல் பாரி."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வந்த வேகத்துலயே நின்னு போச்சு. "அவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறவர். நான் தைக்கிற கடையை மூடப் போறாங்க ராத்தா. எனக்குச் சிங்கப்பூர்ல ஒரு வீட்டு வேலை அமைஞ்சிருக்கு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சதும் போகணும்."

"வீட்டு வேலைன்னா?"

"ரெண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கணும். பள்ளிக்கூடத்துல விடணும், சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"இதை வாயைத் திறந்து சொன்னா என்னடி?"ன்னு கேட்டேன்.

"சொன்னா நீங்க விட மாட்டீங்க. எனக்கும் போக மனசு வராது. நான் இல்லாதப்போ இதுக எப்படி இருக்கும்னு பார்க்க வேண்டியிருந்துச்சு. வாரா வாரம் அந்த மரத்துக்கிட்டதான் நிப்பேன். சைதா சமாளிச்சுக்குவா. இவன்தான் என்னையே தேடிக்கிட்டு இருந்தான்." அவ உஸாமாவோட முட்டியைப் பார்த்தா, தொடலை. "இன்னைக்கு உங்ககிட்ட வந்துட்டான்."

பாவி, இதையா இவ ஞாயிறு ஞாயிறா மறைஞ்சு நின்னு பழகினா? எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது, கோவமும் போகலை. பிள்ளைக என் வீட்டுலயே இருக்கணும்னு ஆசைப்பட்டது நெசம். இப்படியா ஆசைப்பட்டேன்?

பஸ்ஸுக்கு நடந்தோம். உஸாமாவால நடக்க முடியலை, நான்தான் தூக்கிட்டு வந்தேன். நிறுத்தத்துல ஸமீரா பழக்க தோஷத்துல ரெண்டு கையையும் நீட்டினா. "உம்மாகிட்ட போடா, எனக்குக் கை வலிக்குது"ன்னு பொய் சொல்லி, என் கழுத்தைச் சுத்தியிருந்த அவன் விரலைப் பிரிச்சுப் பார்த்தேன். அவன் இன்னும் இறுக்கிக்கிட்டான். ஸமீரா கையைக் கீழ போட்டுட்டு, பஸ் வருதான்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னா.