கீறல் விழுந்த இடம்

நேற்று பஜ்ஜி சுட்ட எண்ணெயை இன்று காலை வடிகட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போனில் ஏதோ பழைய பாட்டுகள். நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு முழுசாகத் தெரியும் என்று நினைத்திருந்த ஒரு பாட்டில், நான் கேட்டே இராத வரி ஒன்று வந்தது. வடிகட்டி கையிலேயே நின்றுவிட்டது.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரே மைக் செட், ஏகாம்பரத்துடையது. காதுகுத்தோ, கூழ் ஊற்றுவதோ, வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியதும் முதலில் அந்தப் பாட்டைத்தான் போடுவார். "பூவும் வந்தது, பொட்டும் வந்தது" என்ற வரிக்கு அடுத்து ரெகார்டில் ஒரு கீறல். அந்த இடம் வருவதற்குள் முள்ளைத் தூக்கித் தள்ளி வைத்துவிடுவார். ஒரு மூச்சு நேரம் சத்தமே இருக்காது. சிரிக்காதீர்கள், பாட்டே அப்படித்தான் என்று நினைத்து, நாற்று நடும்போதுகூட ஊரே அங்கே ஒரு மூச்சு நிறுத்தித்தான் பாடும்.

வசந்தா அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் வீடு முழுக்க இதே எண்ணெய் வாசனை. பாடச் சொன்னார்கள். அக்கா அதைத்தான் பாடினாள். அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இன்னாம்மா, மறந்துட்டியா?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"பாட்டே அப்டித்தாங்க," என்றார் எங்கள் நைனா.

"அடக்கமான பொண்ணு. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துது பாரு!" என்று மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்துவிட்டாள்.

மறு வருஷம் ஆடிக்கு வந்த அக்கா திரும்பிப் போகவில்லை. "புடிக்கலன்னு அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" என்று நைனா கத்தினார்.

போனில் கேட்ட வரி இதுதான்: "என்னைக் கேட்டால் சொல்வேன்."

நேற்று என் மகளைப் பார்க்க வந்திருந்தார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பஜ்ஜிக்கு உப்பு போதுமா என்று நாலு பேரைக் கேட்டேன். "அவளுக்குச் சம்மதம்தான்" என்று மட்டும் யாரையும் கேட்காமல் நானே சொல்லி அனுப்பினேன்.

ஏகாம்பரம் இல்லை. அவருடைய ரெகார்டுகள் எங்கே போயினவோ. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாட்டு இப்போது எங்கும் நிற்காமல் முழுசாக ஓடுகிறது. கீறலைக் காரணம் சொல்ல எனக்கு வழியில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனேன்.

"ஏம்மா, உனக்குப் புடிச்சிருக்கா?"

"இப்பத்தான் கேக்கறியா?" என்றாள். கட்டிலில் சற்று நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டாள்.