நின்றபடி எடுத்த படம்

எங்கள் வீட்டில் எல்லோரும் சின்னச் சித்தப்பாவைப் போலீஸ்காரராகவே நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கம் மட்டும்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். உடல்தகுதித் தேர்வு பாக்கி. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அதுவே கடைசி வாய்ப்பும்கூட. விளாங்குடி மெயின் ரோட்டில் மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருந்த என் அப்பா, கடைக்கு வருகிறவர்களிடம் "தம்பி போலீஸ்ல இருக்கான்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்.

சித்தப்பா தினமும் விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போவார். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், நீளம் தாண்டும்போது தப்பாக இறங்கிவிட்டார். மணற்குழியின் விளிம்பில் கால்விரல்கள் மடங்கிப் புதைந்துகொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போய் விழுந்திருக்கிறது. கூடப் பயிற்சி எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் தாங்கி வந்து வீட்டில் விட்டபோது பாதம் பன்னைப் போல உப்பியிருந்தது.

அப்பா பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா வரும் வழியிலேயே அல்வா வாங்கிவந்தார். ஒரு கால் உடையாமல் போனதற்கு எங்கள் வீட்டில் இனிப்பு சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் சித்தி வந்தார். சித்தி என்றால் நடுச் சித்தப்பாவின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடுச் சித்தப்பாவுக்கு ஓசூரில் வேலை. சித்தி மதுரையில் டாக்டர் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்ததால் எங்களோடு இருந்தார். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்கிற படிப்பு. ஊசி போடாத டாக்டரெல்லாம் ஒரு டாக்டரா என்று அம்மாவுக்கு உள்ளூர ஒரு குறை. எனக்கோ அவரைப் பிடித்துப்போக அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

சித்தி தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஜன்னலோரம் போய்ப் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நாங்களும் அதைப் பார்த்திருந்தோம். கறுப்பில் வெள்ளையாக ஒரு பாதம், அவ்வளவுதான். சித்தியின் விரல் நுனி ஒவ்வொரு எலும்பின் ஓரத்தையும், பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் ஆற்றைத் தேடுவதுபோல, மெல்லத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. பாதத்தின் நடுவில் வந்து நின்றது. திரும்பப் போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது.

"தம்பி, இத படுக்க வச்சு எடுத்தாங்களா, நிக்க வச்சு எடுத்தாங்களா?"

"நான் எங்க மதினி நிக்க? படுக்க வச்சுத்தான் எடுத்தாக."

சித்தி தரையில் உட்கார்ந்து அவருடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஆஸ்பத்திரியில் போட்ட கட்டைத் தளர்த்தி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் நாவல்பழம் நசுங்கிய மாதிரி நீலம் பாரித்திருந்தது. காலையிலிருந்து வீட்டில் உள்ள அத்தனை பேரும் மேலே இருந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். அடிப்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

"மாமா, நாளைக்கு இவர நிக்க வச்சு ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்கு அல்வா வாயிலேயே நின்றுவிட்டது. "ஏம்மா, டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருல்ல? அம்புட்டு வலில அவன எப்படி நிக்க வைப்ப?"

"அவர் சொன்னது சரிதான் மாமா. இந்தப் படத்துல ஒண்ணுமில்ல. எலும்பு முறியாமயே, எலும்பக் கட்டி வச்சிருக்கிற நார் அறுந்திருக்கலாம். படுத்திருந்தா எலும்பு அதது இடத்துலதான் இருக்கும். பாரம் ஏறுனாத்தான் விலகுறது தெரியும்."

"அறுந்திருக்கலாம்னா, அறுகாமயும் இருக்கலாம்ல?"

"ஆமா மாமா. அறுகாமயும் இருக்கலாம்."

அப்படி ஒப்புக்கொண்டவரோடு மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. அடம்பிடித்து ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். சித்தி படிக்கும் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறையின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். உள்ளே ஒரு தாழ்வான பலகைமேல் சித்தப்பாவை ஏற்றினார்கள். அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் சாய்ந்து, அடிபட்ட காலைப் பலகையில் சும்மா தொட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

சித்தி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"தம்பி, ரெண்டு கால்லயும் நில்லுங்க."

"நிக்கத்தான மதினி செய்றேன்."

"இல்ல. நீங்க ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. இப்படி எடுத்தா படம் நல்லாத்தான் வரும். வாங்கிட்டுப் போய் ஓடிருவீங்க."

சித்தப்பாவின் சிரிப்பு போய்விட்டது. "உசுரு போகுது மதினி" என்றார்.

"தெரியும். படம் எடுக்கிற வரைக்கும் மட்டும் நில்லுங்க."

சித்தப்பா கம்பியிலிருந்து கையை எடுத்தார். அவருடைய முழு உடம்பும் அந்தக் காலில் இறங்கியது என் கண்ணுக்கே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை.

திரையில் இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. சித்தி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நல்ல காலில், இரண்டாவது விரலின் நீள எலும்பும் அதற்குப் பின்னால் இருந்த சின்ன எலும்பும் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே ஓரத்தில் நின்றன. அடிபட்ட காலில் அந்தக் கோடு பிசகியிருந்தது. கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புச் சந்து. அரிசி ஒன்றை நிறுத்தி வைத்தால் அடைத்துவிடும், அவ்வளவுதான். முதல் நாள் படத்தில் அது இல்லவே இல்லை.

எலும்பு டாக்டரை அழைத்துக் காட்டினார். பெரியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்து, "நிக்க வச்சு எடுத்தீங்களே, நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றார். ஆபரேஷன் செய்து திருகாணி வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். உடல்தகுதித் தேர்வைப் பற்றி அப்பா கேட்கவேயில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

எனக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். யாருக்கும் தெரியாததை என் சித்தி கண்டுபிடித்துவிட்டார்! தெருவில் உள்ள பிள்ளைகளிடமெல்லாம் போய்ச் சொன்னேன். அரிசி அளவு சந்து என்பதை மண்ணில் வரைந்தும் காட்டினேன்.

வீட்டில் அப்பா சித்தியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் சாப்பாட்டில் கைவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, "பாக்காம இருந்திருந்தா பய ஓடிட்டு வந்திருப்பான்" என்றார். சித்தி ரசத்தை ஊற்றிவிட்டு, "ஓடியிருப்பாரு மாமா. அதுக்குப் பெறகு காலம் பூரா நொண்டியிருப்பாரு" என்று மெதுவாகச் சொன்னார். அவர் பதிலுக்குப் பேசியது அந்த ஒரே முறைதான்.

சித்தப்பா போலீஸ்காரர் ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து ஊன்றுகோலை விட்டார். இப்போது சொந்தமாக இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறார். என் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் வரிசை வரிசையாக ஓடியதைப் பார்த்து, சித்தியைத்தான் தேடினேன். அவரும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, யாரோ ஒரு சம்பந்தி வீட்டுக்காரரிடம், "எங்க டாக்டரம்மா" என்று அவரைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, எக்ஸ்ரே எடுத்த அன்று சாயங்காலம்தான். தெருவில் சித்தியின் புகழைப் பரப்பிவிட்டு, அதை அவரிடமே சொல்வதற்காக மொட்டை மாடிக்கு ஓடினேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சித்தி, சித்தப்பாவின் ஓட்டப் பயிற்சி பனியனை முகத்தில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அப்பா ஏதோ திட்டிவிட்டார் என்று நினைத்து, "அப்பா கொஞ்ச நாள்ல சரியாயிருவாரு சித்தி" என்றேன்.

"அதுக்கில்ல பாப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் படத்துல ஒண்ணும் தெரிஞ்சிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் பாத்தேன்."

எனக்குக் குழப்பமாக இருந்தது. தெரியக் கூடாது என்று நினைக்கிறவர் எதற்காக அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க வேண்டும்? சித்திக்கு அழுத அழுகையில் பேச்சு மாறிவிட்டது என்று முடிவுசெய்து, அவர் கையிலிருந்த துணிகளில் பாதியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.