வெட்டிவேருக்கு மேல் வெனிலா

ரயில் ஆவடியைத் தாண்டியதும் வேப்பம்பட்டு அக்கா தன் மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டினார். "எப்டி கீது, சொல்லு" என்றார். நான் பட்டாபிராமில் ஏறுவேன். அவர் வேப்பம்பட்டிலேயே ஏறி எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். இருவரும் இறங்குவது அம்பத்தூரில். எனக்கு ஒரு சிறிய கம்பெனியில் கணக்கு வேலை, அவருக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் க்ரீம் கலக்கும் வேலை. பல வருடங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போயும் அவர் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. அவர் குடும்பத்தில் நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மணிக்கட்டில் இருந்தது வெனிலா சென்ட். முதலில் ஐஸ்கிரீம் கடை போலத் திகட்டியது. திருமுல்லைவாயில் வருவதற்குள் தீய்ந்த சர்க்கரையும் புது பிளாஸ்டிக்கும் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லை என்று சொல்லி வைத்தேன். மருமகள் வாங்கித் தந்ததாம். திருநெல்வேலிப் பெண், வானகரம் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கேட்டால் பதில் சொல்வாள், தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்பது அக்காவின் தீராத குறை.

"அவளா வந்து குட்த்த மொத சாமான் இதான். நாள் பூரா இதே எசன்ஸ் டின்னுகூடதான் கீறேன். ஊட்லயும் இதே நாத்தம்னா இன்னா பண்றது?"

போடாமல் இருக்கவும் வழியில்லை. காலையில் கிளம்பும்போது, "போட்டீங்களா அத்தை?" என்று அந்தப் பெண் கேட்பாளாம். வீட்டில் அவள் கேட்கும் ஒரே கேள்வி அது. அதை இழக்க அக்காவுக்கு மனமில்லை.

அதனால் வாசனையைச் சரிசெய்யப் பார்த்தோம். சந்தனப் பவுடரைப் பூசி அதன் மேல் தெளித்தால் பாயாசம் போல ஆயிற்று. ரோஜா அத்தர் சேர்த்தபோது கல்யாண மண்டபத்து வாசல்தான் நினைவுக்கு வந்தது. கடைசியில் என் கைப்பையில் இருந்த வெட்டிவேர் அத்தரை எடுத்தேன். வெனிலாவுக்கு மேலே வைத்தால் இரண்டும் ஒட்டவில்லை. அத்தரை முதலில் தொட்டு, அது தோலில் ஊறிய பிறகு வெனிலாவை ஒரே ஒரு தடவை தெளித்தபோது இனிப்பு பின்னுக்குப் போய், ஈர மண்ணில் எங்கோ வெல்லம் காய்ச்சுவது போல வந்தது. அக்கா நீண்ட நேரம் மோந்து பார்த்துவிட்டு, "இப்ப தேவல" என்றார். அந்தக் குப்பியை அவரிடமே கொடுத்துவிட்டேன். தினமும் குளித்ததும் வெட்டிவேர், கிளம்பும்போது வெனிலா என்று ஆயிற்று.

அப்படியே சில வாரங்கள் போயின. ஒருநாள் வாசலில் மருமகள், "அத்தை, இது நான் வாங்கின வாசனை இல்லையே" என்றாளாம். அக்கா பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலை, எசன்ஸ், குமட்டல், எதையும் மறைக்கவில்லை.

"'வேலை முடிஞ்சு நீங்க வரும்போது உங்க சேலையில இந்த வாசனைதான் வரும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அதைத் தேடித்தான் வாங்கினேன்' அப்டின்றா" என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். பிறகு, "எனுக்கு நாத்தமா கீறது அவளுக்கு வாசனையா கீது" என்றார்.

வற்புறுத்திப் போடவேண்டாம் என்று மருமகள் புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு பேச்சு மெல்ல வளர்ந்ததாக அக்கா சொல்வார். சாயங்காலம் அவர் வந்ததும் சேலை மாற்றும் முன்பே அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாளாம்.

இப்போது அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டார். மகனுக்கும் மருமகளுக்கும் பெங்களூரில் வேலை. ரயிலில் என் பக்கத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். போன மாதம் ஆவடி கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தேன். சென்ட் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் வெனிலா.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம், அடுத்த வாரம் இங்கேதான் வருகிறாள் என்றார். "போன தபா வந்தப்ப கட்டிப் புடிச்சிகினா. சேலைய மோந்து பாத்துட்டு கைய எட்த்துட்டா. வேலய உட்டதும் அந்த வாசன என்கிட்ட இல்லாம பூட்ச்சி. அவ சொல்லல, ஆனா எனுக்குத் தெரிஞ்சிச்சி."

இப்போது அந்த வாசனை பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"எங்க பழகறது? கொமட்டதான் செய்யுது. அவ வர்றதுக்குள்ள சேலைல ஊறணுமே" என்று சொல்லிவிட்டு, புட்டியைத் திறந்து சேலையின் தோள் மடிப்பில் தெளித்துக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.