அப்பா நடக்கிறார் என்று எழுதிய கடிதம்

அன்று வீட்டில் அப்பாவும் நானும் உழிச்சில்காரரும் இருந்தோம்; அம்மா வயலுக்குப் போயிருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குத் தினமும் எண்ணெய் தடவி, தோளில் தாங்கி நடத்துபவர் அவர். குட்டையான ஆள், கைகள் மட்டும் பெரியவை. ஒவ்வொரு அடிக்கும் "கொள்ளாம், கொள்ளாம்!" என்று மெச்சுவார்.

"மக்கா, நீ படிச்சவனல்லா? நான் தடவி இவரு தனியா நடக்காருன்னு இங்கிலீஷுல ஒரு கடிதம் எழுது."

"இன்னும் நடக்கல்லியே?"

"ஓணத்துக்குள்ள நடந்திருவாராக்கும். அதுவரைக்கும் நான் எங்க போவப்போறேன்?"

எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார்.

அதைக் காட்டி உழிச்சில்காரர் துபாயில் ஓர் அரபி வீட்டில் வேலை வாங்கி, எங்களிடம் சொல்லாமலே போய்விட்டார். அவர் வரும் நேரத்துக்கு அப்பா பல நாள் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். அந்தக் கைகளை வெறுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பாவின் பிந்திய ஆஸ்பத்திரிச் செலவில், நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பத்து சென்ட்டில் ஆறு சென்ட் போயிற்று.