பன்னிரண்டாவது பேனல்

பட்டப்பகலில் பேயா என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இதில் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூட இல்லை.

புறவழிச் சாலையை ஒட்டி, முட்புதர் மண்டிச் சும்மா கிடந்த நிலத்தில் சோலார் பேனல் போட்டார்கள். அங்கிருந்த பழைய காவலாளி அறையில் கம்ப்யூட்டர் முன் எனக்கு வேலை. வெளியே பேனல் கழுவுபவர் அக்காவின் வீட்டுக்காரர். சும்மா இருந்த மனிதரை நான்தான் சேர்த்துவிட்டேன். "அவரைப் பாத்துக்கோடா" என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள்.

திரையில் ஒவ்வொரு பேனலும் ஒரு பச்சைக் கட்டம். நிழல் விழுந்தால் கறுத்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3.40. சாலையோரத்து முதல் கட்டம் கறுத்தது. வானத்தில் மேகம் இல்லை. பக்கத்தில் மரமும் இல்லை. 3.41... முதலாவது பச்சையானது. இரண்டாவது கறுத்தது. 3.42... மூன்றாவது.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"முதல் வரிசையில நிக்கிறீங்களா?"

"இல்லியே மாப்ள. போய்ப் பாக்கட்டுமா?"

"பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஐந்து... ஆறு... நிமிடத்துக்கு ஒரு பேனல். நடந்து வந்தால் இவ்வளவு நேரம் ஆகாது. வரிசை என் அறையில்தான் வந்து முடிகிறது. மறுபடி போன் போட்டேன். மணி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

3.51. பன்னிரண்டாவது கட்டம். அதற்கப்புறம் கதவுதான்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பேனல்மேல் நிழல் இருந்தது. ஆள் இல்லை.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

3.52.

டொக்... டொக்...

சத்தம் கதவின் அடியில் கேட்டது. முழங்காலுக்கும் கீழே.

மச்சானோ? அடிபட்டுக் கிடக்கிறாரோ? அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. கை தாழ்ப்பாள் வரை போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... திறக்கவில்லை.

டொக்...

நின்றுவிட்டது.

பத்து நிமிடம் கழித்து மச்சானே வந்து கூப்பிட்டார். முதல் வரிசையில் யாருமே இல்லையாம். அவருடைய போன் இரண்டாம் தடவை அடிக்கவே இல்லையாம்.

"என்ன மாப்ள, பட்டப்பகல்ல தாழ்ப்பா போட்டுக்கிட்டு?"

மறுநாள், அந்தச் சாலையில் வெகுகாலமாக வேலை பார்க்கும் பணியாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் முதல் பேனலுக்கு நேரே, சாலையில்தான் முன்பு ஒருவர்மேல் லாரி மோதியதாம். எழ முடியாமல் தவழ்ந்தே அந்த அறை வரை வந்து கதவைத் தட்டினாராம். உள்ளே இருந்த காவலாளி பயந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம்.

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

"தொறந்திருந்தா பொழச்சிருப்பான்" என்றார் அவர்.

அந்தக் காவலாளி கதவைத் திறந்திருந்தால் என்றுதான் சொன்னார். என்னால் தலைநிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.